முருகன் படமும் ஒரு கடவுச்சொல்லும்

சங்கத்துப் பெரியீர்! தோழர்களே! இம்மடல் சென்ற மாதம் மறைந்த என் நண்பனுக்கு எழுதியது. ஆயினும் நீங்களும் கேளுங்கள். இதில் உள்ள குற்றம் நம்முடையது.

நண்பா, உன் நினைவுக் கூட்டத்துக்கு நாற்காலி போட, நேற்று ஆரியசாலையில் உள்ள இந்தச் சங்க அறைக்கு வந்தேன். கணினிக்கு மேலே அதே முருகன் படம். புதுச் சந்தன மாலை. அந்த மணம் என்னைத் தொண்ணூறுகளின் இறுதிக்கு இழுத்துப்போனது.

கல்லூரியில் கணினியியல் படித்தாய். வீட்டில் கணினி இல்லை. இந்த அறையே உனக்கு ஆய்வுக்கூடம். நீ எதையும் நெட்டுருப் போட்டதில்லை. ஒன்றைக் கண்டால், அது எப்படிக் கெடும் என்று கரிக்கோலால் ஊகித்து எழுதுவாய்; பிறகே தொடுவாய். "தப்பு எங்கேன்னு தெரியாம படிச்சா அது படிப்பே இல்லடே" என்பாய்.

உறுப்பினர் பட்டியலுக்கு இட்டிருந்த கடவுச்சொல்லை, இன்றும் பதவியில் இருக்கும் நம் செயலாளர் கண்ணெதிரே, மேலிருந்த படத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாய்.

"அண்ணாச்சி, யார் படம் தொங்குதோ அவரு பேருதான் பாஸ்வேர்டா? இன்னைக்கே மாத்துங்க."

"முருகன் பேரை மாத்தச் சொல்ல நீ யாருடே? கள்ளத்தரம் காட்டிட்டு உபதேசம் வேறயா? எறங்கிப் போ!"

"அவரைக் காவலுக்கு வச்சிட்டுச் சாவியை அவரு கழுத்துலயே தொங்கவிட்டா, அவரு என்ன அண்ணாச்சி செய்வாரு?"

நான் அருகில்தான் நின்றேன். மேடையில் முழங்கும் என் நாக்கு அன்று அசையவில்லை. மறுநாள் இந்த அறை உனக்கு மூடப்பட்டது. "கள்ளன்" என்ற சொல் சாலைக் கடைகள்வரை பரவியது. காமாலை உன்னைக் கொண்டுபோகும்வரை அதை எவரும் திரும்பப் பெறவில்லை. பெறுங்கள் என்று நானும் சொல்லவில்லை.

நேற்று சங்க உதவியாளர் கணினியைத் திறக்கத் தட்டியதைப் பார்த்தேன். அதே சொல்! இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அதே சொல்! நம் வீட்டு முகவரிகளும் பெண்மக்களின் தொலைபேசி எண்களும் அதன் பின்னால் திறந்து கிடக்கின்றன.

இந்தக் கடவுச்சொல் எப்படிக் கெடும் என்று அன்று நீ கரிக்கோலால் எழுதிய தாள் என் சட்டைப்பையில் இருக்கிறது. அடியில் ஒரு வரி: "மாற்றிவிட்டார்களா என்று வந்து பார்க்க வேண்டும்." வந்து பார்க்க உன்னை நாங்கள் விடவில்லை.

செயலாளர் அவர்களே, இரங்கல் தீர்மானம் வேண்டாம். எழுந்திருங்கள். அவனைக் கள்ளன் என்றது பிழை என்று இந்த அவையில் சொல்லுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால்தான் கணினி இருக்கிறது; திரும்பி, அந்தச் சொல்லை இப்போதே மாற்றுங்கள். புதிய சொல் என்னவென்று எங்களுக்கும் சொல்லாதீர்கள்!