முத்திரையும் காவலனும் ஒரே கூரையின் கீழ்

மருதவரை நாட்டைக் கோல் கோடாது ஆளும் மாமன்னர் வெண்கொடிச் சேந்தரின் வலக்கையாக நிற்பவரும், நெடுங்கோட்டு நகருக்கு வரும் ஓலைகளையெல்லாம் முதலில் காணும் உரிமை பெற்றவருமாகிய பேரமைச்சர் சாத்தன் இளந்தேவனார் சமூகத்துக்கு, சங்குமுனைத் துறைக்காவலன் காடன் ஐயாறன் எழுதிக்கொண்டது. தலைநகரும் அதன் மதிலும், மாந்தரும் மாடும் நலமே இருக்க. மாதம் மும்மாரி பெய்க என்று வாழ்த்துவது ஓலை மரபு. இன்று அந்த வாழ்த்தை எழுத மனமில்லாமல் விட்டுவிட்டேன்; பொறுத்தருள்க.

நேற்றுப் பொழுது சாய்ந்ததும் கீழைக்கடலில் எழுந்த பெரும்புயல், விடியுமுன் எங்கள் தலைமேல் ஏறிக் கரை கடந்து போயிற்று. நான் விதிப்படி விளக்குக்கோட்டையில் இருந்தேன். ஊரில் பெரும்பாலோர் கோட்டைக்குள் வந்து தப்பினர். என் மனைவி செய்யாள் வரவில்லை. காரணம் தாங்கள் அறிந்ததே. புயல் நாளில் துறைமுத்திரையும் துறைக்காவலனும் ஒரே கூரையின் கீழ் இருத்தலாகாது, ஒன்று அழிந்தாலும் மற்றது எஞ்ச வேண்டும் என்பது முன்னோர் கட்டளை. முத்திரை காவலன் இல்லத்திலேயே இருக்கும். அவன் குடியில் ஒருவர் உடனிருந்து காப்பர். எங்களுக்கு மக்கட்பேறு இல்லை. ஆகவே அவளே இருந்தாள்.

நேற்று உச்சிப்பொழுதுக்குப் பின், புயல்குறி கண்டு நான் கோட்டைக்கு வந்துவிட்ட வேளையில், அடுத்த வீட்டு உப்பு வாணிகத்தி வேம்பி என்பவளிடம் செய்யாள் சொல்லியனுப்பினாள். முத்திரையை இடுப்பில் கட்டிக்கொண்டு தானும் கோட்டைக்கு வந்துவிடலாமா என்பது கேள்வி. கட்டளை கட்டளைதான், விடியட்டும் என்று விடை அனுப்பினேன். இப்பணியில் பதினெட்டு ஆண்டுகளாக ஒரு விதியையும் நான் வளைத்ததில்லை. அதில் எனக்குச் செருக்கும் உண்டு. மூன்றாண்டுக்கு முன், இவ்விதியைத் தளர்த்தலாமா என்று தாங்கள் ஓலை அனுப்பிக் கேட்டபோது, வேண்டாம் என்று எழுதியவனும் நானே. இவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பின்னர் எழுதக் கை வராமல் போகலாம்.

விடிந்ததும் பறை அறைவித்து, கோட்டை வாயிலில் அயலுரை கேட்க அமர்ந்தேன். சங்குமுனையில் எவரும் தம் வீட்டுச் சேதத்தைத் தாமே சொல்லலாகாது. அடுத்த வீட்டார்தாம் சொல்ல வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று ஆகிவிடக் கூடாதென்று வைத்த முறை, நல்ல முறைதான். சொன்னதைச் சொன்னபடியே எழுதவேண்டும். கடைசி வீடு சொல்லி முடியும்வரை காவலன் இருக்கை விட்டு எழலாகாது. தன் வீட்டைப் பற்றி எவரையும் கேட்கவும் கூடாது. என் வீடு கடல்முனையில் தனித்து நிற்பது. அதற்கு அயல் வேம்பி ஒருத்தியே.

முதலில் வலைஞர் தெருவைச் சேர்ந்த மாசாத்தி வந்தாள். “பக்கத்து வீட்டண்ணன் கூரை போச்சுங்க. அடுப்புக்குள்ள மீனு கெடக்குது. ஆளுங்க இருக்காங்க,” என்றாள். குயவர் தெருவிலிருந்து வந்தவர், “சூளை நிக்குது. வீட்டத்தான் காணோம்,” என்று சொல்லி நகர்ந்தார். பாகப்பிரிவினையால் பத்தாண்டாகப் பேச்சற்றுப்போன உடன்பிறந்தார் இருவரில் மூத்தவன் கோவன், தம்பியைப் பாராமலே, “அவன் தோணி ரெண்டாப் பொளந்து கெடக்கு. என் தோணிக்கு ஒண்ணுமில்ல. ஆனா அத அவன்தான் சொல்லணும்,” என்றான். தம்பியும் சொன்னான். பிறகு இருவரும் ஒரே கல்லின்மேல் அமர்ந்தனர், அப்போதும் பேசவில்லை.

இப்படித் தெருத் தெருவாகச் சொல்லக் கேட்டேன். நூற்றிருபது வீடுகளில் முப்பத்தாறு நிற்கின்றன. இறந்தவர் அதுவரை பத்துப் பேர். எவரும் அழவில்லை, சந்தையில் மீன்விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு ஒதுங்கினர். நானும் எழுதினேன். எழுத்தாணி தடையின்றி ஓடியது, ஒரு வரியும் கோணவில்லை. அது எனக்கே அருவருப்பாக இருந்தது.

முனைப்பக்கத்திலிருந்து மூவர் வந்தனர். முழங்கால் வரை சேறு. வந்தவர்கள் என் முகத்தைப் பாராமல் கூட்டத்தின் பின்னே போய் நின்றனர். அவர்கள் அறிவார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் வீட்டுக்கு அயலார் அல்லர் என்பதால் அவர்கள் சொல்லவில்லை. காவலன் என்பதால் நான் கேட்கவில்லை. நாவின் நுனிவரை வந்த கேள்வியை விழுங்கிவிட்டு, அடுத்த வீடு என்று குரல் கொடுத்தேன். அவ்வாறே இன்னும் பதினேழு வீடுகள் எழுதினேன்.

வெயில் உச்சிக்கு ஏறும் வேளையில் வேம்பி வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, துறைமுத்திரையை என் ஓலைக்கட்டின்மேல் வைத்தாள். அவள் வாய் திறக்குமுன்பே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆயினும் முறை முறைதான். அவள் சொன்னதைச் சொன்னபடியே கீழே தருகிறேன்.

“காவலர் வீடு. தெக்குச் சுவரு விழுந்திருச்சு. கூரை இல்ல. நீங்க சொன்ன பதிலக் கொண்டுபோனனா, அவளத் தனியா விட்டுட்டு வர மனசு வரல, அங்கயே இருந்துட்டேன். ரெண்டாம் தடவ கடல் ஏறினப்ப என்னயப் பரணுல ஏத்திவிட்டா. பரணு ஒராளுக்குத்தான் தாங்கும். இத என் முந்தானையில முடிஞ்சுவிட்டு, ‘விடிஞ்சதும் அவருகிட்டக் குடு வேம்பி, இது இல்லாட்டி அவரு எழுதுற ஓலை செல்லாது’ன்னா. அப்புறம் சுவரு விழுந்துச்சு. செய்யாளு இல்லீங்க. முனை மண்டபத்துல கெடத்தியிருக்கோம்.”

எழுதினேன். பதினொன்று என்று திருத்தினேன்.

வேம்பி போகவில்லை. இனி அவள் வீட்டை நான் சொல்ல வேண்டும். அவளுக்கும் அயல் நான் ஒருவனே. “என் வீட்டச் சொல்லுங்க,” என்று நின்றாள். நான் அதைக் கண்டவனல்லேன். காணாமல் சொல்லலாகாது, காண வேண்டுமானால் எழ வேண்டும், அவள் வீடு சொல்லப்படாமல் எழலாகாது. முன்னோர் இப்படியும் ஒருநாள் வரும் என்று எண்ணவில்லை போலும். நெடுநேரம் முத்திரையையே பார்த்திருந்தேன். ஊரார் பொறுமையாக நின்றனர். எவரும் எழு என்று சொல்லவில்லை. விதியை நான் எப்படிக் கட்டிக்காப்பவன் என்று அவர்களுக்குத் தெரியும்.

எழுந்தேன். எழுவது இவ்வளவு எளிது என்று நேற்றே அறிந்திருக்கலாம்.

வேம்பியுடன் முனைக்கு நடந்தேன். அவள் வீடு இருந்த இடத்தில் வாயிற்படி மட்டும் கிடக்கிறது. ஓராண்டு உப்பும் கரைந்து கடலுக்கே போய்விட்டது. இது என் அயலுரை. இதுவே கடைசி வீடு. பின்னர் மண்டபத்துக்குப் போனேன். செய்யாளின் தலையில் மணல் இருந்தது, நானே தட்டிவிட்டேன். அங்கேயே அமர்ந்து இவ்வோலையை எழுதுகிறேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வந்தால் எழுத்து கெடும் என்பதால், வருமுன் முடித்துவிட விரும்புகிறேன்.

சங்குமுனைக்கு வேண்டுவன: ஒரு திங்களுக்கு நெல், கூரைக்குக் கீற்று, தோணித் தச்சர் எண்மர், கிணறு இறைக்க ஆட்கள். கிணறுகளெல்லாம் உப்பாகிவிட்டன, ஆதலால் குடிநீர் ஏற்றிய வண்டிகள் முதலில் வருக.

இனி ஒன்று. மன்னர் ஆணை வருமுன்னே, என் பொறுப்பில், இத்துறைக்கு ஒரு கட்டளை இட்டுவிட்டேன். இன்று முதல் புயல் நாளில் முத்திரை எங்கும் கிடக்கலாம், கடலுக்கும் போகலாம். அதற்காக எவரும் வீட்டில் தங்கலாகாது. மாந்தரெல்லாம் கோட்டைக்கு வரவேண்டும். மூன்றாண்டுக்கு முன் நான் தங்களுக்கு எழுதிய விடையோலை அரண்மனைச் சுவடியறையில் இருக்கும். அதை எடுத்துக் கிழித்தெறிக. இக்கட்டளை இட்டது பிழையெனில் என்னைப் பணி நீக்குக. கட்டளையை நீக்கற்க.

ஓலைக்கட்டின் முடிச்சில் அரக்கு உருக்கித் துறைமுத்திரை வைத்தேன். அவள் முடிந்துவிட்டபோது ஒட்டிய மணல் முத்திரையின் குழிகளில் இருக்கிறது, துடைக்கவில்லை. ஆகையால் சங்கின் உரு தெளிவாகப் பதியவில்லை. வாயிற்காவலர் ஐயுற்றுத் தடுக்க வேண்டா. இது சங்குமுனையின் மெய்யான முத்திரை. காவலன் மனைவி செய்யாள் காத்துக் கொடுத்தது.

இவ்வோலை செல்லும்.