ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வாய்க்கால் பார்க்கப் போகிறார்

என்னைப் பெற்ற சரோஜாவுக்கு,

பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்று கோபப்படாதே அம்மா. சின்ன வயதில் ஒருமுறை விளையாட்டுக்குக் கூப்பிட்டு முதுகில் வாங்கியிருக்கிறேன். இப்போது உன் கை எட்டாது என்கிற தைரியம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது விளையாட்டு இல்லை. அப்பாவைப் பற்றியது. நேரில் இருந்திருந்தால் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கவே மாட்டேன்.

உன் மருமகள் ரமா ஒரு நாள் எனக்குப் போன் செய்தாள். அவள் குரலைக் கேட்டதும் தம்பி சரவணனோடு சண்டையோ என்று நினைத்தேன்.

"அண்ணி, மாமா மெர்சின்றாரு."

"இன்னாது?"

"காபி குடுத்தா வாங்கிகினு மெர்சின்றாரு அண்ணி. முன்னெல்லாம் டம்ளரை வாங்கிகினு பேப்பருக்குள்ள தலையை வுட்டுப்பாரு. இப்ப நிமிந்து பாத்து மெர்சி சொல்றாரு. எனக்கு பயமா கீது."

பிரெஞ்சில் நன்றி! நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. மீதியையும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, எங்கேயோ போகிறாராம். தலைக்கு டை அடிக்கிறாராம். கான்வாஸ் ஷூ வாங்கியிருக்கிறாராம். அப்பாவும் ஷூவும்! வில்லியனூரில் நம் வீட்டிலிருந்து நம் ஹார்டுவேர்ஸ் கடைக்குத் தெருமுனை திரும்பினால் போதும், அதற்கே முட்டி வலிக்கிறது என்று ஸ்கூட்டர் எடுத்தவர் அம்மா அவர்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் ஒரு வாரம் கோயில் என்றாராம். அடுத்த வாரம் கண் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கண் டாக்டர் கிளினிக் திறந்து வைத்திருக்கிறார்? சரவணன் அத்தோடு விட்டிருப்பான். ஆனால் கடைக்கு பெயிண்ட் கொண்டுவருகிற தவளக்குப்பத்துக்காரர், பேச்சோடு பேச்சாக, "உங்கப்பாவை டவுன்ல பெரிய வாய்க்கால் ஓரமா பாத்தேன். ஒரு அம்மாவுக்கு குடை புடிச்சிகினு போனாரு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று சாயங்காலமே சரவணன் மூலக்குளத்துக்கு, என் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். "யாரோ வூட்டு மேல கண்ணு வெச்சிருக்காங்கக்கா. தனியா கீற மனுஷன், பேசி ஏமாத்தறாங்க. நீ போய் பாரு. நான் போனா கை நீட்டிடுவேன்."

அவன் அந்தப் பெண்மணியைச் சந்தேகப்பட்டான். நான் அப்பாவைச் சந்தேகப்பட்டேன். உன் மகள் இல்லையா? தேங்காயைத் தட்டிப் பார்த்துவிட்டு, கடைக்காரர் முகத்தையும் ஒரு தடவை பார்க்கிறவள் நீ. நீ போய் இரண்டு வருடம்கூட முழுசாக ஆகவில்லை. அதற்குள் இந்த மனிதருக்கு டை எதற்கு?

விசாரித்ததில் ஒன்று புரிந்தது. பொங்கலுக்குச் சென்னையிலிருந்து சித்தி குடும்பம் வந்திருந்தது, அப்போது எல்லோருமாகச் சேர்ந்து டவுனில் நடந்தே ஊர் சுற்றிக் காட்டுகிற டூர் ஒன்றுக்குப் போனார்கள். "நடந்து ஊரைப் பாக்கறதுக்கு ஒரு ஆளா? நமக்குக் கண்ணு இல்லையா?" என்று முனகிக்கொண்டே அப்பாவும் போனார். அதற்குப் பிறகுதான் இந்த ஞாயிற்றுக்கிழமைகள்.

அதே டூருக்குப் பக்கத்து வீட்டுக்காரி பேரில் இடம் சொல்லி வைத்தேன். வீட்டில் மீன் வாங்கப் போகிறேன் என்றேன். தொப்பி, மாஸ்க், கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே நான் திருட வந்தவள் மாதிரி இருந்தேன்.

செஞ்சி சாலையில், வாய்க்கால் ஓரமாக ஒரு மரத்தடியில் எல்லோரும் நின்றிருந்தார்கள். கோயம்புத்தூர் தம்பதி, பெங்களூர்க் குடும்பம் ஒன்று, கேமரா மாட்டிய இரண்டு கல்லூரிப் பெண்கள். அப்பா முன்வரிசையில் நின்றார். கையில் குடை, தோளில் பை, காலில் அந்த வெள்ளை ஷூ. நான் பின்னால் போய் நின்றது அவருக்குத் தெரியவில்லை. அவர் திரும்பியே பார்க்கவில்லை அம்மா. அவர் பார்த்த திசையில் ஊர் சுற்றிக் காட்டுகிறவர் நின்றிருந்தார்.

அவர் பேர் விக்டோரின். நெல்லித்தோப்புப் பக்கம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். உன் வயதுதான் இருக்கும். நரையை அப்படியே விட்டிருந்தார். டை அடிப்பது அப்பா மட்டும்தான் என்பதை முதலில் குறித்துக்கொண்டேன்.

"இது பெரிய வாய்க்கால்" என்று ஆரம்பித்தார். "கிழக்கால வெள்ளக்காரன் இருந்தான். மேற்கால நாம இருந்தோம். நடுவுல இது. மழைத்தண்ணி கடலுக்குப் போவ வெட்டினது. இப்ப போறது சாக்கடை. மூக்கைப் பொத்திக்கங்க, நான் தப்பா நெனைக்க மாட்டேன்." எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் பேசினார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு நன்றாகப் பேசுகிறவர் எதைத்தான் பேசி வாங்க முடியாது?

தமிழர் தெருக்களில் நடந்தோம். ஒரு வீட்டின் முன்னால் நிறுத்தி, கீழ்த்தளம் ஒரு மாதிரியும் மாடி வேறு மாதிரியும் இருக்கிறதே ஏன் என்று கேட்டார். "சார் சொல்லுவாரு" என்று அப்பா பக்கம் கையைக் காட்டினார். அப்பா தொண்டையைச் செருமினார். "கீழ நம்மாளு குடியிருக்கறதுக்கு. மேல பிரெஞ்சுக்காரன் பாத்து அசந்து போறதுக்கு" என்றார். கல்லூரிப் பெண்கள் கைதட்டினார்கள். அப்பா வெட்கப்பட்டார். நான் அதை இதுவரை பார்த்ததே இல்லை. நீ பார்த்திருக்கிறாயா?

குடையை அப்பா அவருக்குத்தான் பிடித்தார். தன் தலை வெயிலில் இருந்தது. சாலை கடக்கும்போது கையை நீட்டி வண்டிகளை நிறுத்தினார். ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். வீடுகளில் ஒன்றுகூட என் மனதில் இல்லை.

மறுபடி வாய்க்காலுக்கு வந்து சின்னப் பாலத்தின் மேல் நின்றோம். விக்டோரினுக்குப் பேசிப் பேசித் தொண்டை காய்ந்திருக்க வேண்டும். அப்பாவின் தோள்பையில் கையை விட்டார். கேட்கவில்லை. கேட்காமலே எடுத்தார். எவர்சில்வர் பாட்டில். மாத்திரைக்கு வெந்நீர் கொண்டுபோக நீ வாங்கி, கடையிலேயே 'சரோஜா' என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டி வாங்கினாயே, அதே பாட்டில். அண்ணாந்து குடித்தார்.

என்னை நான் நிறுத்த முடியவில்லை. "அது எங்க அம்மாவோட பாட்டில்!" என்று கத்திவிட்டேன். மாஸ்க்கை எப்போது இழுத்தேன் என்று தெரியாது.

பெங்களூர்க்காரர் தன் மனைவியிடம் மெதுவாக, "இதுவும் டூரில் வருகிறதா?" என்று கேட்டது காதில் விழுந்தது. அப்பாவின் முகம் வெளுத்துப்போனது. விக்டோரின் மட்டும் அசையவில்லை. மூடியைத் திருகி, முந்தானையால் பாட்டிலைத் துடைத்து, என் கையில் கொடுத்தார்.

"தெரியும்மா. பேரு போட்டிருக்குதே" என்றார். "இன்னும் ஒரு தெரு பாக்கி கீது. இவங்களுக்குக் காட்டிட்டு வந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் அந்தக் கடையில டீ குடிங்க." வகுப்பில் சொல்வதுபோல் சொன்னார். அப்பா உடனே கீழ்ப்படிந்து நடந்தார். அதற்கும் எனக்குக் கோபம் வந்தது.

டீக்கடை பெஞ்சில் அவர் என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"கண் டாக்டர்னு சொன்னியாமே" என்றேன்.

"பின்ன இன்னா சொல்றது? வாய்க்கால் பாக்கப் போறேன்னா நம்புவீங்களா?"

"எத்தினி வாட்டிப்பா அதே வாய்க்காலைப் பாப்ப?"

அவர் டீயை ஆற்றினார். குடிக்கவில்லை. "வூட்ல எல்லாரும் எங்கிட்ட கேக்கறது ரெண்டுதான். சாப்டியா, மாத்திரை போட்டியா. கேட்டுட்டு போனைப் பாக்கறீங்க. தப்புன்னு சொல்லல. அவங்க 'நீங்க இன்னா நெனைக்கிறீங்க'ன்னு கேக்கறாங்கமா. உங்கம்மா போனதுக்கு அப்புறம் எங்கிட்ட யாரும் அப்பிடிக் கேக்கல."

ஆனாலும் கேட்டேன். "கல்யாணம் பண்ணிக்கப் போறியா?"

"சேச்சே." சட்டென்று சொன்னார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு, "கேட்டேன். வேணாம்ட்டாங்க" என்றார்.

அந்த நொடியில் என் மனதில் முதலில் எழுந்தது என்ன தெரியுமா அம்மா? 'எங்கப்பாவுக்கு இன்னா கொறச்சல்?' சத்தியமாக அதுதான். அந்தப் பெண்மணியைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போனவள், அவர் வேண்டாம் என்று சொன்னதற்காக அவர் மேல் கோபப்பட்டேன். சிரிக்கிறாயா? அழுகிறாயா?

விக்டோரின் வந்து எதிரே உட்கார்ந்தார். வந்ததும் என் தொப்பியைப் பார்த்தார். "இதே மாதிரிதான் என் மவனும் வந்தான்" என்றார்.

"உங்க மவனா?"

"பின்ன? ஒரு ஆளு ஒரே டூருக்கு வாராவாரம் வந்தா சந்தேகம் வராதா? மொதல்ல நல்ல மனுஷன்னு நெனச்சேன். அப்புறம் பயமா போச்சு. மவன்கிட்ட சொன்னேன். அவன் ஒரு ஞாயித்துக்கெழம தொப்பி போட்டுகினு கும்பலோட கும்பலா வந்தான். உங்கப்பா அவனை யாருன்னு தெரியாமலே கூப்ட்டு, வெயில்ல நிக்காத தம்பின்னு குடைக்குள்ள நிக்க வெச்சுகினாரு. அவன் வூட்டுக்கு வந்து, இந்தாளு மேல இன்னான்னுமா சந்தேகப்படறதுன்னு கேட்டான்."

அப்பாவுக்கே இது புதிது. "அந்தப் புள்ள உங்க புள்ளையா?" என்று வாயைப் பிளந்தார்.

"ஏன் வேணாம்னீங்க?" என்று கேட்டேன். மேடம் என்று சேர்த்துக்கொண்டேன்.

"எனக்கும் ஒருத்தரு இருந்தாரு. நாப்பது பேர் நடுவுல கலகலன்னு பேசுவாரு. வூட்டுக்குள்ள வந்தா ஊமை. உங்கப்பா நடக்கும்போது எவ்ளோ பேசறாரு தெரியுமா? பாதி உங்கம்மா பேச்சு. அவங்க வெக்கிற வாளைமீன் கொழம்பு, அவங்க கோவம், எல்லாம் எனக்குத் தெரியும். இவரைக் கட்டிகினு வூட்ல உக்கார வெச்சா, இந்தப் பேச்சும் நின்னு போவும். எனக்கு எதுக்கு அது?"

சரியான பதில்தான். மிகவும் சரியான பதில். அதனாலேயே பஸ்ஸில் திரும்பும்போது மறுபடி சந்தேகம் வந்தது. பேச்சையே தொழிலாக வைத்திருக்கிறவர், எனக்கு எது பிடிக்கும் என்று பார்த்துச் சொல்லியிருக்கலாம் இல்லையா? உன்னை வைத்தே என்னை மடக்கிவிட்டாரோ? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பிறகும் இரண்டு மூன்று முறை டவுனுக்குப் போனபோது, அவர் சொன்ன இடத்தில்தான் குடியிருக்கிறாரா, மகன் உண்மைதானா என்று விசாரித்தேன். எல்லாம் உண்மை. உண்மையாக இருந்தால் மட்டும் சந்தேகம் போய்விடுமா?

சரவணனிடம் எதையும் மறைக்கவில்லை. கல்யாணம் கேட்டதையும் சொன்னேன். அவன் என்னைத்தான் திட்டினான். "டீ வேற குடிச்சிட்டு வந்தியா? அம்மாவை எல்லாரும் மறந்துட்டீங்க" என்றான். ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா நடந்துபோய் பஸ் ஏறினார். முட்டி வீங்கி வந்து சேர்ந்தார். அடுத்த வாரம் ரமா தன் புருஷன் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து ஆணியில் மாட்டினாள். "கீழ வுழுந்து காலை ஒடச்சிகினா நான்தான பாக்கணும்" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாளாம். சரவணன் சாவியை மறுபடி எடுக்கவில்லை. என்னோடு மட்டும் இன்னும் பேசுவதில்லை. உன் பிள்ளை, உன் பிடிவாதம். போகட்டும், வருவான்.

போன வாரம் உன் திதி. படையல் போட்டோம். அப்பா கற்பூரம் காட்டிவிட்டு உன் படத்தை நிமிர்ந்து பார்க்காமல் பின்கட்டுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். அங்கே நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவகிட்ட நீ சொல்லிடுமா" என்றார். "எனக்கு வாய் வரல. தப்பு ஒண்ணும் இல்லன்னு சொல்லு. இருந்தாலும் அவ கேக்கறதுக்கு முன்னாடி நாம சொல்லிடணும்."

அதனால் சொல்கிறேன். அவர் உன்னை மறக்கவில்லை. உன்னைப் பற்றிப் பேச ஓர் ஆளைத் தேடிக்கொண்டார். இல்லை, அது மட்டும் என்றால் கல்யாணம் ஏன் கேட்டார்? உன் பேரைச் சொல்லி நான் அவருக்கு வக்காலத்து வாங்குகிறேனோ? உனக்கு வலிக்கிறதா அம்மா? நீ இருந்திருந்தால், நீங்கள் இரண்டு பேருமாக அந்த டூருக்குப் போயிருந்தால், நீ அந்த மேடத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அப்பாவின் சட்டையைப் பிடித்துப் பின்வரிசைக்கு இழுத்திருப்பாய். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன் என்று நேற்று அப்பாவிடம் சொன்னேன். "எதுக்கு?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "சும்மாதான்" என்றேன். நம்பவில்லை. நம்பாமலேயே இருக்கட்டும்.

உனக்கு ஒரே ஒரு வாக்கு கொடுக்கிறேன். இந்த ஊரில் யாரை வேண்டுமானாலும் அம்மா என்று கூப்பிட்டுவிடலாம். பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுக்கிறவரை, கீரைக் கட்டு போடுகிறவரை, முன்பின் தெரியாத யாரையும். நானும் கூப்பிடுகிறேன், வாய் தானாக வருகிறது. அவரை மட்டும் கூப்பிட மாட்டேன். எத்தனை நாள் பழகினாலும் மேடம்தான். அவர் பொல்லாதவர் என்று தெரிந்தால், ஒருவேளை கோபத்தில் 'போம்மா' என்று வாய் தவறலாம். நல்லவர் என்று தெரிந்துவிட்டால் ஒரு தடவைகூடத் தவற மாட்டேன்.

உன் வயிற்றில் முதலில் பிறந்தவள்,
கலா