அப்பா கொண்டுபோன வெள்ளை வேட்டி

சிம்பாங் பூலாய்,
21 ஆகஸ்டு 1979

அன்புத் தம்பி லியோனார்டுக்கு,

இயேசு மரி சூசை உன் பக்கத்திலேயே இருக்கட்டும். அக்கா எல்ஸி எழுதுகிறேன். நீ சுகமா என்று கேட்கப்போவதில்லை. கண்ணால் பார்த்தவர் வந்து சொல்லிவிட்டார். உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் வார்டர் ஐயாவுக்கும் என் வணக்கம்.

நடந்ததைச் சொல்கிறேன், திட்டாதே. வியாழக்கிழமை முறுக்கு சுட்டுக்கொண்டு உன்னைப் பார்க்க வந்தேன். சிறை வாசலில் இருந்தவர் உன் பேரைத் தேடிவிட்டு, “சுடா தாக் அடா” என்று மலாயில் சொன்னார். இங்கே இல்லை, ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டோம் என்று சொல்ல வந்திருக்கிறார். போன தடவை நீ முகம் கொடுத்தே பேசாதது என் நெஞ்சில் கிடந்து உறுத்திக்கொண்டிருந்ததா, ‘இல்லை’ என்றதும் ஆளே உயிரோடு இல்லை என்று எடுத்துக்கொண்டேன். மீதியைக் கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். மலாய்ப் பள்ளியில் படித்தவளாம் நான்! என் புத்தியை எதைக்கொண்டு அடிப்பது?

ஈயமண் திருட்டுக் கேஸில் உன்னைப் பிடித்த நாளிலிருந்து அப்பா உன் பேரை எடுத்ததில்லை, உன்னைப் பார்க்க வந்ததுமில்லை. நான் அழுதுகொண்டே சொன்னதும் பெட்டியைத் திறந்தார். தன் சாவுக்கென்று வைத்திருந்த கோடி வேட்டியை எடுத்துக்கொண்டார். “புள்ளய இதுல கொண்டாரேன்” என்று கிளம்பிவிட்டார்.

வாசலில் ஒரு வார்டர், “மாசி அடா, பாச்சே” என்றாராம். இன்னும் இருக்கிறான், பெரியவரே என்று. அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். நீ உன் உயிரை எடுத்துக்கொள்ளப் பார்த்ததும், உன்னோடு அடைபட்டிருந்தவன் பார்த்துச் சத்தம் போட்டதும் அப்போதுதான் தெரிந்தது. அந்தப் புண்ணியவான் பேர் என்ன? அவனுக்கும் முறுக்கு சுட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்பக்கூடாது என்றார்களாம். குளிரும் என்று அந்த வேட்டியை உன்மேல் போர்த்தி, போகச் சொல்லும்வரை பக்கத்திலேயே இருந்திருக்கிறார். உனக்குத் தெரிந்திருக்காது, அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் அவரிடம் பேசினாராம். இது காய்ச்சல் மாதிரி, ஏறியிருக்கும்போது இதற்கு முடிவே இல்லை என்று தோன்றும், ஆனால் இறங்கிவிடும், இறங்கும்வரை பக்கத்தில் ஆள் வேண்டும் என்றாராம். அப்பாவுக்கு உடனே பிடிபட்டது. எஸ்டேட் லயத்தில் மலேரியா கண்டவனைத் தனியாக விட்டிருக்கிறோமா?

பக்கத்து வீட்டு ரோசம்மா அக்கா சும்மா இருப்பாரா? “தற்கொல பாவம்லா, கோழதான் செய்வான்” என்று ஆரம்பித்தார். அப்பா பிடித்துக்கொண்டார். “எம்மவன் கோழையும் இல்ல, பாவியும் இல்ல. காய்ச்சக்காரனத் தனியாப் போட்டது நான்லா” என்றார். அக்கா எழுந்து போய் மீன்குழம்பு கொண்டுவந்து வைத்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அப்பா வயிறாரச் சாப்பிட்டார். எனக்கும் அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது.

திரும்பக் கொண்டுவந்த அந்த வேட்டியைத் துவைத்து ஞாயிறு பூசைக்குக் கட்டிப் போனார். இனிப் பெட்டியில் வைக்கமாட்டாராம். அடுத்த தடவை உன்னைப் பார்க்கவும் அதைக் கட்டிக்கொண்டுதான் வருவார்.

தம்பி, மறுபடி காய்ச்சல் ஏறினால் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லு, வார்டரிடம் சொல்லு, வெட்கப்படாதே. காலையில் பேர் கூப்பிடும்போது ‘அடா’, இருக்கிறேன் என்று சத்தமாகச் சொல்லு. அந்த நேரத்துக்கு அப்பா எழுந்து வாசலில் நிற்கிறார், இங்கே கேட்டுவிடும் என்பதுபோல.

உன் குரலுக்குக் காத்திருக்கும்
அக்கா எல்ஸி