கேத்தோவின் விரல்

திபிலிசி,
மார்ச், ஞாயிற்றுக்கிழமை.

என் மகளே, என் அம்மா தேயா,

நானும் உன் அப்பாவும் இங்கே இருக்கிறோம், என் மூட்டு வலியும் அவருடைய ரத்த அழுத்தமும் எங்களைவிட நன்றாக இருக்கின்றன, நீ அந்தக் கடலோரத்தில் வேளைக்குச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன், உன் குரலைக் கேட்டதும் மழையைப் பற்றியும் கூரை ஒழுகுவதைப் பற்றியும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். என் வாயைப் பற்றி உனக்குத் தெரியாதா, பேச வேண்டாததையெல்லாம் பேசும், பேச வேண்டிய நேரத்தில் பூட்டிக்கொள்ளும். அப்பா பால்கனித் திராட்சைக் கொடியை வெட்டுகிறேன் என்று ஏணியில் ஏறி எனக்குத் திகிலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், நீ சொன்னாலாவது இறங்குகிறாரா பார்ப்போம். நீ ஒவ்வொரு தடவையும் கேத்தோ எப்படி இருக்கிறாள், இப்போது பயமில்லாமல் மேடையில் படுக்கிறாளா என்று கேட்கிறாய், நானும் பேச்சை மாற்றிவிடுகிறேன். நல்ல சேதி இல்லையடி. முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும், பொறுமையாகப் படி.

நீ வேலை செய்கிற ஸ்பாவில் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அடிபட்ட மனசோடு வருகிறவர்களை எப்படித் தொடுவது என்று, அதை, நான் ஆட்களைத் தேய்த்துக் குளிப்பாட்டுகிற நம் கந்தகக் குளியல்கூடத்தில் வாசித்துக் காட்டியபோது பெண்கள் பக்கத்துக்குப் பொறுப்பாக இருக்கிற சியூரி விழுந்து விழுந்து சிரித்தாள். தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டுமாம், அடுத்துக் கை எங்கே போகும் என்று சொல்ல வேண்டுமாம், முகத்தை மூடக் கூடாதாம், வாசலைப் பார்த்தபடி படுக்க விட வேண்டுமாம், விரலைத் தூக்கினால் அந்த நிமிஷமே கையை எடுத்துவிட வேண்டுமாம். ஏன் லமாரா, ரொட்டிக்கு மாவு பிசையறவ மாவுகிட்ட உத்தரவு கேப்பாளா என்றாள். நானும் சிரித்தேன். நம் ஆட்கள் கல்மேடையில் குப்புற விழுந்து, தோல் சிவக்கத் தேய் தேய் என்பார்கள், கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாளித் தண்ணீரைத் தலையோடு கொட்டினால் வீலென்று கத்திவிட்டுச் சிரிப்பார்கள், அதற்குத்தானே வருகிறார்கள். அப்போதுதான் கேத்தோ வந்தாள், மேல்தெரு ரொட்டி அடுப்பில் வேலை செய்கிறவள், கோச்சாவின் தங்கை. புருஷன் ஸாஸாவை விட்டுவிட்டு வந்து அண்ணன் வீட்டில் இருந்தாள். உள்சட்டையைக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். கையில் இருந்த தழும்பெல்லாம் அடுப்பு சுட்டது பெரியம்மா என்றாள். சரி, அடுப்பு சுடும்தான், பிடரியில் நான்கு விரலும் ஒரு கட்டைவிரலுமாகவா சுடும்?

உன் கடிதம் ஞாபகம் வந்தது. கால தேய்க்கட்டுமா கேத்தோ, கால மட்டும், வேணாம்னா விரலைத் தூக்கு என்றேன். அன்றைக்குப் பாதத்தை மட்டும்தான் கொடுத்தாள். அடுத்த தடவை முழங்கால் வரை, பிறகு கை, பிறகு முதுகு. எத்தனையோ முறை விரல் எழும்பியது, நான் சுடு பாத்திரத்தைத் தொட்டதுபோல வெடுக்கென்று கையை எடுத்துக்கொள்வேன், அவள் என் முகத்தையே பார்ப்பாள், நிஜமாகவே எடுத்துவிட்டாளே என்று. கழுத்தின் பக்கம் நான் போனதே இல்லை. வாளியையும் தூக்கவில்லை, சின்னச் சட்டியை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். புத்தாண்டு கழிந்து ஒரு நாள் தானாகவே உள்சட்டையைக் கழற்றிவிட்டு மேடையில் படுத்தாள், படுத்தவள் தூங்கியே போனாள் தேயா, வாயைப் பிளந்துகொண்டு குறட்டை வேறு! வண்டி மாடு மாதிரி நடக்கிற சியூரி அன்றைக்கு நுனிக்காலில் நடந்தாள். எழுந்ததும் கேத்தோ அந்தச் சட்டியில் தண்ணீர் மொண்டு என் தலையில் ஊற்றிவிட்டு, இப்ப எப்படி இருக்கு பெரியம்மா என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொல்லிச் சொல்லி அழுதேன், சந்தோஷத்தில்.

அந்தச் சிரிப்புதான் அவளுக்கு எமனாக வந்தது. கோச்சா கெட்டவன் இல்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஸாஸா குடியை விட்டுவிட்டான், கோயிலுக்கு வருகிறான், நம் தெருப் பெரியவர் ஷோத்தா மாமாவின் கையை முத்தமிட்டு எல்லார் முன்னாலும் அழுதான், தங்கையும் தேறிவிட்டாள், சிரிக்கிறாள், நன்றாகத் தூங்குகிறாள், பிறகென்ன, சேர்த்து வைத்துவிடலாம் என்று சமாதான விருந்து வைத்தான். என்னையும் அப்பாவையும் வந்து கூப்பிட்டான். லமாரா பெரியம்மா, உங்க கையாலதான் எந்தங்கச்சி மறுபடி மனுஷியானா, நீங்க வராம எப்படி என்றான். போனோம். வாதுமைச் சாறு ஊற்றிய கோழி, பாலாடைக்கட்டி ரொட்டி, கோச்சா தோட்டத்து ஒயின், ஒரு குறையும் இல்லை. கேத்தோவை ஸாஸாவின் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தார்கள். ஒவ்வொருவரையும் முறை வைத்துப் பேச விட்டுக் குடிக்க வைக்கிற விருந்துத் தலைவர் ஷோத்தா மாமாதான், எழுந்து அமைதிக்காக என்று கோப்பையைத் தூக்கி நீளமாகப் பேச ஆரம்பித்தார், அவர் பேச்சு உனக்குத் தெரியுமே, நோவாவின் காலத்திலிருந்து இறங்கி வருவார். அப்போது ஸாஸா அவள் பிடரியில் கையை வைத்தான், அன்பாகத்தான் வைத்தான், எல்லாரும் பார்த்து மகிழ்ந்தார்கள். கேத்தோ அசையவில்லை. மேஜை விரிப்பின்மேல் அவள் விரல் மட்டும் எழும்பியது. என்னைப் பார்த்தாள்.

அந்த வீட்டில் அத்தனை பேர் இருந்தார்கள், அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எழுந்துவிட்டேன். கையை எடு ஸாஸா என்றேன். ஷோத்தா மாமா சிரித்துக்கொண்டே, லமாரா, இன்னும் உன் முறை வரல, அமைதிக்குக் குடிக்கும்போது குறுக்கே பேசுனா இந்த வீட்டுக்கு ஆகாது, உக்காரு கண்ணு என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்தேன், எல்லாரோடும் சேர்ந்து குடிக்கவும் குடித்தேன். என் முறை வந்தபோது, அவளுக்கு அங்கே போக இஷ்டமில்லை, யாராவது அவளைக் கேட்டீர்களா என்றேன். கோச்சாவுக்குக் கோபமே வரவில்லை. கேட்டுட்டாப் போச்சு பெரியம்மா என்று சொல்லிவிட்டு, அத்தனை பேருக்கு நடுவில், ஸாஸாவின் கை அவள் கழுத்தில் இருக்கும்போதே, போறியாம்மா என்று கேட்டான். போறேண்ணா என்றாள். வேறு என்ன சொல்வாள்? கேட்டோமே என்று எல்லாருக்கும் நிம்மதி. சாயங்காலமே காரில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள், நான் கொடுத்த சோப்புக் கட்டியையும் துணியோடு கட்டிக்கொண்டு போனாள்.

கேத்தோ செத்துப்போய்விட்டாள் தேயா. மாடிப்படியில் விழுந்துவிட்டாள் என்று ஸாஸா சொல்கிறான். போலீஸ்காரர்கள் வந்தார்கள், முற்றத்தில் அவனோடு நின்று புகை பிடித்தார்கள், போனார்கள். கோச்சா அவனைக் கொல்லப் போகிறேன் என்று கத்திக்கொண்டு ஓடி, தெருமுனையிலேயே உட்கார்ந்துவிட்டான், இப்போது யாரோடும் பேசுவதில்லை. நம் வழக்கப்படி ரத்த உறவு குளிப்பாட்டக் கூடாது அல்லவா, கோச்சாவின் பெண்டாட்டி வந்து என்னைக் கூப்பிட்டாள். மற்றப் பெண்களை வெளியே போகச் சொல்லிவிட்டு நான் ஒருத்தியே செய்தேன். வாசலைப் பார்த்தபடி முகத்தைத் திருப்பி வைத்தேன். கால தேய்க்கட்டுமா கேத்தோ என்றேன். கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தேய்த்தேன். இப்ப கை, இப்ப முதுகு என்று சொல்லிச் சொல்லித்தான் தொட்டேன். கழுத்துக்கு வந்தபோது மறுபடியும் கேட்டுவிட்டு அவள் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், தண்ணீர் ஆறிப்போகும் வரை நின்றேன், பிறகு அதையும் நான்தான் கழுவினேன்.

இப்போது குளியல்கூடத்தில் நான் யாரையும் கேட்பதில்லை. பழையபடி வாளியைத் தூக்கிக் கொட்டுகிறேன், கத்துகிறார்கள், சிரிக்கிறார்கள், சியூரிக்குச் சந்தோஷம். கேட்டுக் கேட்டுத் தேற்றி யார் கையில் கொடுப்பதற்கு? நீ என்னைப் போல விட்டுவிடாதே என்று எழுதத்தான் நினைத்தேன், எழுத மனசு வரவில்லை, உனக்கு எது சரியென்று படுகிறதோ அதைச் செய்.

மேரி மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், உன் கை காலுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், அங்கே குளிர் இல்லை என்று அலமாரியில் போட்டுவிடாதே, ஈரத் தரையில் நிற்கிற வேலை, போட்டுக்கொள். அப்பாவுக்கு ஏணி விஷயம் சொல்ல மறக்காதே. இன்னொன்று, போன தடவை யாரோ ஒருவன் உன்னை வீடு வரை கொண்டுவந்து விடுகிறான் என்று சொன்னாயே, நல்லவனாகவே இருப்பான், நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அம்மா, நீ விரலைத் தூக்கினால் இங்கிருந்து எனக்குத் தெரியாது.

உன் நெற்றியில் முத்தங்களுடன்,
அம்மா லமாரா