யூ மரத்து மருந்தும் நான் சொன்ன பொய்யும்

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதிக்கிறது. இங்க நானும் அம்மாவும் இருக்கோம், நலம்னு எழுதத்தான் கை வரல. நீ அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லா இருந்தாப் போதும்.

சின்னவ போய் இன்னியோட இருபத்திரண்டு நாள். ஆய்வுக்கூட வேலைய விடப் போறேன்னு எழுதியிருக்க. யூ மரத்துல மருந்து சுரக்கிறதை ஆட்டி வைக்கிற ஜீன் எதுன்னு கண்டுபிடிச்சு என்ன பிரயோஜனம், கூடப் பிறந்தவளக் காப்பாத்த முடியலயேன்னு கேக்கிற. அப்படி நினைக்காதம்மா. அவளோட புத்துநோய்க்கு ஏத்தினது அந்த மரத்து மருந்துதான். முதல் நாலு தடவை நல்லாக் கேட்டுச்சு, மாடிப்படி ஏறினா, என் சட்டைக்கு இஸ்திரி போடுறேன்னு காலரைக் கருக்கினா. ஊசி போட வர்ற நர்ஸ்கிட்ட, அந்த மரம் சுத்த சோம்பேறி, துளித்துளியாத்தான் மருந்து சுரக்கும், எங்க அக்கா அதோட ஜீனைப் புடிச்சு முடுக்கி விடப் போறான்னு பீத்திக்குவா. அப்புறம்தான் கட்டி மசியல. மருந்து பத்தாம இல்ல, கட்டி அதுக்குப் பழகிடுச்சுன்னு டாக்டரே சொன்னார்.

இனி எழுத வேண்டியதுக்காக மூணு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன். கிளம்பி வரட்டுமான்னு நீ கேட்ட அன்னிக்கு, அவ தேறிட்டு வர்றா, வேலைய முடிச்சுட்டு வான்னு சொன்னேனே, அது பொய். முந்தின நாளே டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, சில வாரம்தான்னு சொல்லிட்டார். குடுவையில வளர்த்த செல்லுல அந்த ஜீன் வேலை செய்யுதான்னு பார்க்க இன்னும் பத்து நாள் ஆகும்னு நீ சொன்ன. மூணு வருஷ உழைப்பாச்சே, பத்து நாள்தானேன்னு நினைச்சுட்டேன். அவ எட்டாம் நாளே போயிட்டா. அக்கா எப்ப வருவான்னு கேட்டப்பல்லாம், லீவு கிடைக்கலயாம்னு உன் மேலயே சாக்கு சொன்னேன். கடைசித் தடவை, பரவாயில்லப்பா, அவளுக்கு மட்டும் ஆசை இருக்காதான்னுட்டு சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

காரியத்துக்கு நீ வந்தப்ப அம்மா உனக்கு முகம் கொடுத்துப் பேசாததுக்கும் நான்தான் காரணம். கூப்பிட்டும் நீ வரலன்னே நினைச்சுட்டு இருந்தா. முந்தாநாள் சமையலறையில உண்மையைச் சொன்னேன். கழுவிட்டிருந்த தட்டைக் கீழ வச்சுட்டு, ஈரக்கையோட போய் சின்னவ கட்டில்ல படுத்தவதான், அதுலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. எனக்கு அது வேணும். நீயும் பேச வேண்டாம்னா பேசாத. ஆனா நான் பண்ணின தப்புக்கு உன் வேலையப் பலி குடுக்காத.

எங்க இருந்தாலும் நீ நல்லா இருக்கணும், கை வச்ச காரியம் துலங்கணும். இங்க வந்தப்ப ராத்திரியெல்லாம் இருமினியே, அதை அலட்சியம் பண்ணாம டாக்டரைப் பார்.

இப்படிக்கு,
உன் அப்பா

அம்மா இதை வாங்கி ரெண்டு தடவை படிச்சா. இப்பவும் என்கிட்டப் பேசல. பேனாவுக்குக் கை நீட்டுறா.

கண்ணு, நீ வரலன்னு சின்னவ காதுபடவே உன்னை வைதேன்டி. அவ அதைக் கேட்டுக்கிட்டே போயிட்டா. நீயாவது வீட்டுக்கு வா.
அம்மா