ரோஜாவுக்கு வேற கவ்வாத்து

தங்கச்சி,

போன்ல பேசினா அம்மாவுக்குக் கேட்டுரும், அதான் எழுதுறேன்.

தையில கல்யாணமாகி நான் போயிட்டா, என் வேலைக்கு நம்ம வீட்டு ஆள் ஒண்ணு வரணுமாம். இல்லாட்டி எஸ்டேட்டு குடுத்த லயத்துக் காம்பராவ, அம்மா இருக்குற அந்த ஒத்த அறைய, எடுத்துருவோம்னு எஸ்டேட்டுத் தொரை சொல்லிட்டாரு. நீதான் இருக்க.

தொரை பங்களாவுல ரோஜாத் தோட்ட வேலை லேசுதான். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுற மாதிரி எல்லாக் கொப்பையும் ஒரே மட்டமா வெட்டிராத, தொரசாணி ஏசும். வெளிப்பக்கம் பாத்த முளைக்கு மேல சாய்வா வெட்டணும். வாடுன பூவ அப்பப்ப வெட்டிரு. காய் புடிச்சா அடுத்த பூ வராது.

உன் நர்சிங் பரீட்சையப் பத்தி ஒரு வார்த்த கேக்காமலே இவ்வளவும் எழுதிட்டேன் பாரு.

நீ வராத, படி. கல்யாணம் இப்ப வேணாம்னு மாப்பிள்ளை வீட்டுக்கு நானே சொல்லிக்கிறேன். எனக்குக் கத்தரிக்கோல் பழகிப்போச்சு.

பங்களாத் தோட்டத்துலருந்து,
அக்கா