பிரிக்காத கூடை

17.10.2025, வெள்ளி

தீபாவளிக்கு இன்னும் மூன்று நாள், ஊருக்குக் கட்டிக்கொடுக்கிற பரிசுக் கூடை குவிந்துகிடக்கிறது. வீட்டில் கால் வைக்க இடமில்லை. கட்டில் மேல் கூடை, கட்டில் அடியில் கூடை, டிவி மேல் கூடை. என் வீட்டுக்காரர் மோகன் நேற்று இரண்டு கூடைக்கு நடுவே சுருண்டு படுத்திருந்தார். "உன்னையும் கண்ணாடித்தாள்ல சுத்தி யார் ஊட்டுக்காவது அனுப்பிடவா?" என்றேன். "அனுப்பு. அங்கயாவது நேரத்துக்குச் சோறு போடுவாங்க" என்கிறார். வாய்க்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

காலையிலேயே கோபம். தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றிலிருந்து ஆர்டர் கொடுக்க ஒருத்தன் வந்தான். "அக்கா, மேலாக்க முந்திரி தெரிஞ்சா போதும். அடியில பொரி போட்டு ரொப்பிடுங்க" என்றான்.

"மேல மட்டும் சட்டை போட்டுகினு நீ ஆபீஸ் போவியா தம்பி?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போனான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூடையில் மேலே இருப்பது வந்தவங்க பார்க்க. அடியில் இருப்பதுதான் வீட்டு ஆளுங்க தின்ன. புது வீடு புகுறதுக்கு உப்பும் மஞ்சளும் அடியில் வைப்பேன். சடங்குக்குக் கட்டினால் உளுந்தும் நல்லெண்ணெயும் அடியில். அடியில் ஏமாத்துறவன் வீட்டுக்கு நான் கூடை கட்டமாட்டேன். கட்டினேன் என்றால் என் பேர் அங்கம்மா இல்லை.

(கட்டினேன். பொரிக்குப் பதிலா அவல் போட்டேன்.)

18.10.2025

சுவேதா போன் பண்ணினாள். ஒரே மகள். ஆவடி குவார்ட்டர்ஸில் கட்டிக்கொடுத்திருக்கிறேன், மாமனார் கோதண்டத்துக்கு பேக்டரியில் வேலை. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். இவளுக்கு இப்போது நாலாம் மாதம், எதைத் தின்றாலும் குமட்டுகிறதாம்.

"உப்பு நார்த்தங்காய் இருந்தா குடுத்தனுப்பும்மா. நாக்கு செத்துப்போச்சு."

"இன்னாது, நார்த்தங்காயா? அல்வா ஊர்க்காரங்க ஊட்டுல வாக்கப்பட்டுகினு நார்த்தங்காய் கேக்குறியா? அதெல்லாம் இங்க இல்ல, போடி" என்றேன்.

பட்டென்று வைத்துவிட்டாள். வம்புக்கு இழுத்தால் திருப்பி இழுக்கத் தெரியாத பெண்ணை நான்தான் பெற்றேனா?

இல்லாமல் எங்கே போகிறது? போன வருஷம் வெயிலில் காயவைத்த பாட்டில் இருக்கிறது. அவள் வீட்டுக்குப் போகிற தீபாவளிக் கூடையின் அடியில், நறுக்கின கலர்க் காகிதத்துக்குள்ளே புதைத்துவிட்டேன். மேலே பாதாம், பேரீச்சை, பித்தளை விளக்கு. வேறு எந்தக் கூடைக்கும் போடாத தங்கக் கலர் ரிப்பன். கண்ணாடித்தாளை ஹேர் டிரையரில் காட்டி ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்தேன். நான் கட்டினதிலேயே அழகான கூடை இதுதான். பிரிச்சுப் பாத்துட்டு அலறட்டும்.

19.10.2025

மோகன் பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"சம்பந்தி வாசல்ல போன் பேசிகினு இருந்தாரு. கைல குடுத்தேன். தலையை ஆட்டினாரு. எனக்கு இன்னும் ஏழு கூடை குடுக்கணும், வந்துட்டேன்."

ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரக்கூடாதா? தபால்காரன் மாதிரி!

25.10.2025

போன் இல்லை.

2.11.2025, ஞாயிறு

நானே போன் பண்ணினேன். மானம் போனால் போகட்டும்.

"கூடை வந்துச்சாடி?"

"வந்துச்சும்மா."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சும்மா. எல்லாரும் சாப்ட்டோம்."

அவ்வளவுதான். நார்த்தங்காய் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாய் கேட்குதுன்னு அழுதாளே, தின்னாளே, நல்லா இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை? நான் கேட்கமாட்டேன். அவளாகச் சொல்லட்டும்.

14.12.2025

சம்பந்தியம்மா ஹேமாவதி பேசினாங்க. தையில் வளைகாப்பு வைத்துக்கொள்ளலாமாம். சரி. அப்புறம் மெதுவாக இழுத்தாங்க: "வளையல் போட்டபிறகு சுவேதா இங்கேயே இருக்கட்டும் மதினி. ஆஸ்பத்திரி நடந்து போற தூரம். அவளும் அதைத்தான் பிரியப்படுதா."

அவளும் பிரியப்படுகிறாளாம்!

தலைப் பிரசவம். வளையல் போட்டு அம்மா வீட்டுக்குக் கூட்டிவருவதுதானே முறை? ஊரில் எத்தனை வளைகாப்புக்கு நான் தட்டு கட்டியிருப்பேன். எந்தப் பெண்ணாவது தட்டைத் திருப்பி அனுப்பிட்டு மாமியார் ஊட்டுலயே குந்திகினு இருந்தாளா? என் பொண்ணுக்கு மட்டும் ஆத்தா ஊடு இன்னா முள்ளா குத்துது?

மோகன், "அவளுக்கு எது சௌகரியமோ..." என்று ஆரம்பித்தார். அவர் தட்டில் ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்துவந்துவிட்டேன். குழம்பு ஊற்றவேண்டிய இடத்தில்.

19.01.2026, திங்கள்

 எழுத்து கோணல்மாணலாகப் போகிறது. போகட்டும்.

வெள்ளானூர் ரேணுகா வந்தாள். பழைய வாடிக்கை. ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு, "அக்கா, பாரிவாக்கத்துல எங்க சின்ன மாமனார் புது ஊடு கட்டிக்கீறார். இது புது வருஷத்துக்கு எங்க ஊட்டுக்கு வந்துச்சு, பிரிக்கவே இல்ல. ரிப்பன மட்டும் மாத்திக் குடுங்க, புதுசா கீற மாதிரி" என்றாள்.

தங்கக் கலர் ரிப்பன். முடிச்சு நான் எப்பவும் போடுகிற மாதிரி இடப்பக்கம். நுனியைத் தீக்குச்சியால் கருக்கியிருக்கிறது. அடியில் கையை வைத்து அழுத்தினேன். பாட்டில்!

"உனக்கு யார் குடுத்தது?"

"எங்க ஊட்டுக்காரரோட வேலை செய்யிற ஒருத்தர். ஆவடி குவார்ட்டர்ஸ்க்கா. அவருக்கும் யாரோ குடுத்ததுதானாம்."

வேறு கூடை ஒன்றை அவள் கையில் திணித்து இதைப் பிடுங்கிக்கொண்டேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு போனாள்.

எல்லாரும் சாப்ட்டோமா? எதைடி சாப்ட்டே? கண்ணாடித்தாளையா? பொய். என் கூடை அவங்க வாசப்படியைக்கூடத் தாண்டல. ஊர் ஊரா பிச்சைக்காரி மாதிரி சுத்திட்டு என் கைக்கே வந்துட்டுது. நான் கட்டினது அவ்ளோ கேவலமா? சம்பந்தியம்மா மேலதான் சந்தேகம். அந்தம்மா "மதினி மதினி"ன்னு சொல்லும்போதே நினைச்சேன். வளைகாப்புக்குத் தட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. நான் வரவும்மாட்டேன்.

இல்லை. வருவேன். நாளைக்கே வருவேன்.

20.01.2026

கூடையைத் தூக்கிக்கொண்டு கொரட்டூரில் ரயில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண், "சூப்பரா கீதுக்கா, எவ்ளோ?" என்றாள்.

"விக்கிறதுக்கு இல்லம்மா. சண்டைக்கு எடுத்துகினு போறேன்."

அவள் நகர்ந்து உட்கார்ந்து நன்றாக இடம் விட்டாள்.

ஹேமாவதி இட்லி மாவு கையோடு கதவைத் திறந்தாங்க. "வாங்க மதினி, ஒரு போன் போட்டிருந்தா..."

கூடையை டீப்பாய் மேல் டொம்மென்று வைத்தேன். "இது இன்னான்னு தெரியுதா சம்பந்தி?"

"கூடை."

"யார் ஊட்டுக் கூடை? தீபாவளிக்கு என் பொண்ணுக்கு நான் கட்டினது! ரிப்பன் மாத்திக் குடுன்னு என் கைக்கே வருது. புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்றது! எதுக்கு ஊரெல்லாம் விட்டு விரட்டுனீங்க?"

இன்னும் என்னென்னவோ கத்தினேன். எதிர் வீட்டுக் கதவு திறந்தது.  ஹேமாவதி கையைக் கழுவினாங்க, என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய் பீரோ மேலே காட்டினாங்க. வரிசையாக ஆறு கூடை. எல்லாமே கண்ணாடித்தாள் சுற்றினது.

"இதுல யார் எதைக் குடுத்தாங்கன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது மதினி. தீபாவளிக்கு இப்படித்தான் வந்து குமிஞ்சது. கண்ணாடித்தாள் சுத்தி வந்தா இந்த குவார்ட்டர்ஸ்ல யாரும் பிரிக்க மாட்டாங்க. அடுத்த வீட்டு விசேஷத்துக்கு அப்படியே கைமாறும். திங்கிறதுக்கு வர்றது தூக்குச்சட்டியில வரும். நீங்க தூக்குல குடுத்திருந்தா நான் கைமாற விட்டிருப்பேனா?"

எனக்கு அதற்கும் கோபம்தான் வந்தது. தூக்குலயா? சம்பந்தி ஊட்டுக்குத் தூக்குலயா குடுத்தனுப்புவாங்க?

சுவேதா கதவோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உனக்குமாடி தெரியல? உன் ஆத்தா முடிச்சு உனக்குத் தெரியாது?"

"நீ கட்டினதுன்னு நினைக்கவே இல்லம்மா. ஆர்டர் கூடை மாதிரியே இருந்துச்சு. நான் தூக்கு வரும்னு பாத்துகினு இருந்தேன். அப்பா வந்துட்டுப் போனது மாமா ரெண்டு நாள் கழிச்சுத்தான் சொன்னார். அதுக்குள்ள கைமாறிடுச்சு."

"அப்போ எல்லாரும் சாப்ட்டோம்னு ஏன் சொன்னே?"

"உண்மையைச் சொன்னா இங்க வந்து கத்துவே. இப்ப இன்னா பண்றே?"

 அதோடு விட்டாளா? அழுதுகொண்டே, "பிரசவத்துக்கு வரலைன்னு கோவிச்சுக்கறே. வந்தா எங்கம்மா படுப்பேன்? கட்டில்லதான் கூடை படுத்துகினு கீதே" என்றாள்.

ரிப்பனைப் பிடித்து இழுத்தேன். எத்தனையோ கூடை கட்டின கை, இதுவரை ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை. கண்ணாடித்தாள் டர்ரென்று கிழிந்தது. பாதாமைத் தள்ளி, விளக்கைத் தள்ளி, காகிதத்துக்குள் கையை விட்டு பாட்டிலை எடுத்து அவள் கையில் அழுத்தினேன். "இல்லன்னு சொன்னேன் இல்ல? இந்தா, துன்னு."

 அவள் மூடியைத் திறந்து ஒரு துண்டை வாயில் போட்டாள். புளிப்பில் கண்ணை இறுக்கிக்கொண்டாள். சின்னப்பிள்ளையிலும் அப்படித்தான் பண்ணுவாள்.

"எனக்கும் ஒரு துண்டு குடுங்க மதினி" என்று ஹேமாவதி கையை நீட்டினாங்க. தரமாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. தந்தேன்.

21.01.2026

கோபம் போகவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

25.01.2026

மொட்டைமாடியில் தகரக் கொட்டகை போட்டாகிவிட்டது. மோகனைக் கூடை தூக்க வைத்தேன். ஏறி இறங்கி மூச்சு வாங்கினார். "பத்து வருசமா சொல்றேன், மாடிக்குக் கொண்டுபோன்னு" என்றார். "பத்து வருசமா சத்தமா சொல்லல" என்றேன். கட்டிலைத் துடைத்துப் புது விரிப்பு போட்டேன். அதைப் பார்த்ததும் ஏனோ திரும்பவும் எரிச்சல். இதை அவ வாயால கேக்கணுமா நான்?

8.02.2026, ஞாயிறு

வளைகாப்பு. பதினோரு தட்டு. ஒன்றிலும் கண்ணாடித்தாள் இல்லை. பழம் பழமாக, வளையல் வளையலாக, பார்க்கிறவர் கைக்கு எட்டுகிற மாதிரி. நடுத்தட்டில் எவர்சில்வர் தூக்கு நிறைய நார்த்தங்காய்.

என் சித்தி பெண் நாகம்மாள், "ஊருக்கெல்லாம் ஜிகினா ஜொலிக்கக் கட்றே. சொந்தப் பொண்ணுக்கு மொட்டையா வெச்சிக்கீறியே?" என்றாள்.

"உனக்கு ஜொலிக்கணும்னா சொல்லு, உன்னைச் சுத்தி அனுப்பறேன்."

பாதித் தட்டு அங்கேயே காலி. பிள்ளைகள் கொய்யாவைக் கடித்துக்கொண்டு ஓடின.

சாயங்காலம் சுவேதாவை நம்ம வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு ஆட்டோ ஏறும்போது ஹேமாவதி தூக்கைத் திருப்பித் தந்தாங்க. கனமாக இருந்தது. திறந்தால், நெய் மிதக்க அல்வா.

"கடைசியில எனக்கே அல்வா குடுத்துட்டீங்களே சம்பந்தி!"

"வெறுந்தூக்காவா குடுப்பாக?" என்றாங்க. சிரிக்கவில்லை. சுவேதா தலையைத் தடவிக்கொண்டே இருந்தாங்க. ஆட்டோக்காரர் ஆரன் அடிக்கும்வரை கையை எடுக்கவில்லை.

14.02.2026

பேக்டரிக்காரர் ஒருத்தர் வந்து ஒரு கூடை வேண்டும் என்றார். பெரிசாக, கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி.

"பிரிக்கிறதுக்கா, கைமாத்தறதுக்கா?" என்று கேட்டேன்.

அவர் முழித்தார். உள்ளே வளையல் குலுங்கியது. கட்டிலிலிருந்து சுவேதா, "அம்மா, அவரை வம்புக்கு இழுக்காதே!" என்று கத்தினாள்.

 "எங்க அம்மாவுக்குங்க" என்றார் அவர்.

"அப்போ ஊட்டுக்குப் போயி ஒரு தூக்கு எடுத்துகினு வா" என்றேன்.